மலட்டு விதை, மாறாத விதை: இரண்டு கட்டுக்கதைகள்

விதைத் திருவிழா எங்கே நடந்தாலும் மேடையில் ஒரு பேச்சு தப்பாமல் உண்டு. கலப்பின விதை மலட்டு விதை, எடுத்து வைத்து மறுபடி விதைத்தால் முளைக்காது. நாட்டு விதையோ பாட்டன் முப்பாட்டன் விதைத்த அதே விதை, ஆயிரம் ஆண்டாகக் கலப்பில்லாமல் வருவது; ஒரு கைப்பிடி வாங்கிப் போய் வீட்டில் போட்டால் தலைமுறைக்கும் காணும். பேச்சு முடிந்ததும் கைதட்டல். கூட்டம் பொட்டலக் கடைகளை மொய்க்கும். கள்ளக்குறிச்சியின் மானாவாரி விவசாயியும் சென்னையின் மாடித்தோட்டக்காரரும் ஒன்றுபோல நம்புகிற விஷயம் இன்றைக்கு இது ஒன்றாகத்தான் இருக்கும்.

பேசுகிறவர்களின் கவலை நியாயமானது. ஊர்தோறும் இருந்த ரகங்கள் நம் கண் முன்னாலேயே போய்விட்டன. விதைக்காகக் கடைக்காரரிடம் கடன் சொல்லும் நிலைக்கு விவசாயி வந்துவிட்டார். நெல் ஜெயராமன் 2018 டிசம்பரில் மறைவதற்குள் நூற்றெழுபதுக்கு மேற்பட்ட நெல் ரகங்களை மீட்டுக் கொடுத்தார் என்றால், அந்த உழைப்பின் முன்னால் யாரும் தலைவணங்கத்தான் வேண்டும். ஆனால் கவலை நியாயமானது என்பதால் சொல்வதெல்லாம் உண்மையாகிவிடாது. மேடையில் சொல்லப்படும் அந்த இரண்டு வாக்கியங்களும் பொய். தீங்கில்லாத பொய் என்று விட்டுவிடவும் முடியாது. எந்த விதையைக் காப்பாற்றப் புறப்பட்டார்களோ அதையே இந்த நம்பிக்கை கெடுத்துக்கொண்டிருக்கிறது. விதையைக் காத்து வந்தது ஒவ்வோர் அறுவடையிலும் நல்லதை எடுத்து அல்லதைத் தள்ளிய கை. அந்தக் கை நின்றுபோனால் நாட்டு ரகமும் சீரழியும். அது தொடர்ந்தால் கலப்பினத்திலிருந்தும் நம் மண்ணுக்கென்று ஒரு ரகத்தைப் பிரித்தெடுக்கலாம்.

முதலில் மலட்டு விதை. சின்னசேலம் பக்கம் மானாவாரிக் காடுகளில் நிற்கும் மக்காச்சோளம் பெரும்பாலும் கலப்பினம்தான். நாமக்கல் கோழிப் பண்ணைகளின் தீவனத்துக்குப் போவது. முற்றிக் காய்ந்த ஒரு கதிரை உதிர்த்து ஈர மண்ணில் போட்டுப் பாருங்கள். ஒரு வாரத்துக்குள் முளைத்து நிற்கும். மலடாக இருந்தால் முளைக்குமா? நடப்பது வேறு. முளைத்தவை ஒரே சீராக இருக்காது. ஒன்று ஆள் உயரம், பக்கத்தில் ஒன்று இடுப்பளவு. ஒன்றில் கதிர் நிறைந்திருக்கும், ஒன்றில் பாதி பொக்கை. விளைச்சல் இறங்கும். விவசாயி நொந்துபோய் அடுத்த வருடம் கடைக்கே போவார்.

ஏன் இப்படி என்பது நூறு ஆண்டுக்கு முன்பே தெரிந்துபோன சங்கதி. 1908-ல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஜார்ஜ் ஷல், மக்காச்சோளச் செடிகளை அவற்றின் மகரந்தத்தாலேயே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வளர்த்ததில் கண்டதை எழுதினார். அந்த வரிசைகள் வர வர நோஞ்சானாயின. ஆனால் இரண்டு நோஞ்சான் வரிசைகளை ஒன்றோடொன்று கலந்தபோது பிறந்த பிள்ளை இரண்டையும் மிஞ்சி வளர்ந்தது. அந்த வீரியம் முதல் தலைமுறைக்குத்தான் முழுதாக உண்டு. அடுத்த தலைமுறையில் தாய்வழிக் குணமும் தந்தைவழிக் குணமும் பிரிந்து பிரிந்து வெவ்வேறு விதமாகச் சேர்கின்றன. கலப்பால் வந்த வீரியத்தில் ஏறக்குறைய பாதி போய்விடுகிறது. பெற்றோர் வரிசைகளை நிறுவனம் தன் கைக்குள் வைத்திருக்கிறது. விவசாயி கட்டுண்டு கிடப்பது அந்த ஏற்பாட்டில்தான். விதையின் உயிரில் எந்தக் குறையும் இல்லை.

முளைக்காத விதை என்ற அச்சத்துக்கு ஒரு பிறப்பிடம் இல்லாமல் இல்லை. அறுவடையில் கிடைக்கும் விதை மறுபடி முளைக்காதபடி செய்யும் தொழில்நுட்பம் ஒன்றுக்கு 1998 மார்ச்சில் அமெரிக்காவில் காப்புரிமை தரப்பட்டது. பெற்றவை டெல்ட்டா அண்ட் பைன் லேண்ட் என்ற பருத்தி விதை நிறுவனமும் அந்நாட்டு வேளாண் துறையும். உலகமே எதிர்த்தது. அதை வணிகத்துக்குக் கொண்டுவர மாட்டோம் என்று, அந்தப் பருத்தி நிறுவனத்தை வாங்க முயன்றுகொண்டிருந்த மான்சான்டோ மறு ஆண்டே அறிவித்தது. அந்த விதை எந்தச் சந்தைக்கும் வரவில்லை. இந்தியாவின் 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் அப்படிப்பட்ட ரகத்தைப் பதிவு செய்யவே தடை போட்டிருக்கிறது. வராத விதையின் பெயரைச் சொல்லி, வந்திருக்கும் விதையைக் காட்டிப் பயமுறுத்துவது என்ன நேர்மை?

இதே மூச்சில் கலப்பினத் தக்காளியை மரபணு மாற்றுத் தக்காளி என்கிறார்கள். இந்தியாவில் வணிக சாகுபடியில் இருக்கும் மரபணு மாற்றுப் பயிர் 2002-ல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி ஒன்றுதான். பி.டி. கத்தரியை 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்தி வைத்தது. கலப்பினம் என்பது ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொன்றின் சூலகமுடியில் தடவிப் பெறுவது. வண்டு தினமும் செய்யும் வேலை. உண்மையிலேயே மலடான பயிர் வேண்டும் என்றால் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது: வாழை. பூவனுக்கும் நேந்திரனுக்கும் குரோமோசோம் தொகுதி மூன்று. அதனால்தான் பழத்தில் விதை பிடிப்பதில்லை. அதைச் சாமிக்கே படைக்கிறோம்.

கலப்பு என்றாலே தீட்டு என்பவர்கள் மூங்கில்துறைப்பட்டுக்கோ கச்சிராயபாளையத்துக்கோ அரவைக் காலத்தில் ஒருமுறை போய்வர வேண்டும். இரண்டு ஊரிலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. வாசலில் வரிசை கட்டி நிற்கும் வண்டிகளில் இருப்பது அத்தனையும் கலப்பினக் கரும்பு. 1912-ல் கோயம்புத்தூரில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் விஞ்ஞானிகள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் இனிப்புக் கரும்பைக் காட்டு நாணலோடு கலந்தார்கள். நாணல் சர்க்கரைக்கு ஆகாது. ஆனால் வறட்சியும் நோயும் அதை ஒன்றும் செய்வதில்லை. 1918-ல் கோ 205 வந்தது. அந்தக் கலப்பு வழியில் வந்த ரகங்கள்தான் இந்தியக் கரும்பு விவசாயத்தையே நிமிர்த்தின. இன்று தமிழ்நாட்டில் பரவலாக நிற்கும் கோ 86032-உம் கலப்பில் பிறந்ததே. கரணை நட்டுப் பயிராக்குவதால் கரும்பில் குணம் பிரிவதில்லை. விவசாயி வெட்டும் கரணை தாய்க் கரும்பாகவே முளைக்கிறது. ஆக, கலப்பினத்தைத் திட்டி முடித்து மேடையை விட்டு இறங்குகிறவர் கையில் தரும் சுக்குக் காப்பியில் நாட்டுச் சர்க்கரை கலந்திருந்தால், அதில் இனிப்பது கோயம்புத்தூர்க் கலப்பு.

இனி மாறாத விதை. மரபு அரிசிக் கடைகளில் பெருமையோடு விற்கும் கிச்சிலிச் சம்பாவை எடுத்துக்கொள்வோம். விவசாயிகள் அந்தப் பெயரில் அறிந்த ஜி.இ.பி. 24 என்ற ரகம், கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையம் 1921-ல் கொடுத்தது. கோனாமணி என்ற நெல்லில் தானாகத் தோன்றிய ஒரு மாற்றத்தைக் கண்டு, பிரித்து, பெருக்கி எடுத்தது. ஜி.இ.பி. என்பது அன்றைய அரசுப் பொருளாதாரத் தாவரவியலாளர் பதவியின் ஆங்கிலச் சுருக்கம். கோனாமணி மாறியதால்தான் அது கிடைத்தது. அந்த மாற்றத்தை ஒரு கண் பார்த்துப் பிடித்ததால்தான் நமக்கு மிஞ்சியது. மாறாத விதைதான் உயர்ந்தது என்றால் கிச்சிலியே கிடையாது.

மிளகாய், தக்காளி, மக்காச்சோளம், மரவள்ளி எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவை. ஐந்நூறு ஆண்டுக்கு முன் நம் மண்ணில் ஒரு மிளகாய்ச் செடி கிடையாது. வந்த விதையை ராமநாதபுரத்தில் ஒருத்தி ஒரு மாதிரி தேர்ந்தாள், வேறு சீமையில் இன்னொருத்தி வேறு மாதிரி தேர்ந்தாள். குண்டும் சம்பாவும் தனித்தனியாகப் பிரிந்தன. இன்று நாட்டு மிளகாய் என்று நாம் கொண்டாடுவது அந்தப் பெண்களின் இனப்பெருக்க வேலையை. அவர்கள் யாரும் வந்த விதையை வந்தபடியே வைத்துப் பூசை செய்யவில்லை.

பெயரை நம்பி விதை வாங்குவது எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு உலகறிந்த சான்று கஞ்சாச் செடி. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மகரந்தத்தைச் சுமப்பது காற்று. இப்படிப்பட்ட செடியில், கட்டிக் காக்காவிட்டால், எந்தக் குணமும் இரண்டு தலைமுறை ஒரே மாதிரி நிற்காது. சட்டம் தளர்ந்த நாடுகளில் வீட்டிலேயே வளர்த்து, கலந்து, ஆளுக்கொரு பெயர் சூட்டி விற்கிறார்கள். கனடா ஆய்வாளர்கள் 81 கஞ்சா மாதிரிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2015-ல் வெளியிட்ட முடிவில், ஒரே பெயரைத் தாங்கிய மாதிரிகள் பல சமயம் வேறு பெயருள்ளவற்றோடுதான் அதிகம் ஒத்துப்போயின. நம் நாட்டில் உரிமமின்றிப் பயிரிட்டால் பத்து ஆண்டுவரை சிறை. அந்தப் பயிரைப் பற்றிய பேச்சு நமக்கு இங்கே வேண்டியதில்லை. ஆனால் பாடம் வேண்டும். பதிவேடும் சோதனையும் இல்லாத சந்தையில் பெயர் எதையும் நிரூபிக்காது. நம் நாட்டு விதைப் பொட்டலச் சந்தையிலும் இரண்டும் இல்லை.

இந்த நம்பிக்கைகள் செய்யும் கெடுதலை வீட்டுச் சுரைக்கொடியிலேயே பார்க்கலாம். நாட்டுச் சுரை என்று விதை வாங்கி வருகிறார் ஒருவர். காய் நன்றாக இருக்கிறது. ஒன்றை முற்றவிட்டு விதை எடுக்கிறார். மறு வருடக் காய் கசக்கிறது. வேலியோரத்துப் பேய்ச்சுரையின் மகரந்தத்தை ஏதோ ஒரு வண்டு கொண்டுவந்து கொட்டிப் போயிருக்கிறது. கலந்த வருடத்துக் காயில் அது தெரியாது. காயின் சதை தாய்க்கொடியின் சதை. கலப்பு ஒளிந்திருப்பது உள்ளிருக்கும் விதையில். கசந்த சுரைக்காயின் சாற்றைக் குடித்து இந்த நாட்டில் உயிர் போயிருக்கிறது. கசந்தால் குடிக்காதீர்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) நிபுணர் குழு எச்சரிக்க வேண்டி வந்தது. நாட்டு விதை நஞ்சில்லாதது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர் அந்தக் கசப்பையும் மருந்து என்று விழுங்குவார்.

தடுக்கும் வழி எளிது. சுரைப்பூ மாலையில் மலர்வது. அன்றைக்கு விரியப்போகும் மொட்டு வெள்ளை காட்டி நிற்கும். பொழுது சாய்வதற்கு முன்பே, அடியில் பிஞ்சோடு நிற்கும் பெண் மொட்டு ஒன்றின் நுனியையும், வேறொரு கொடியின் ஆண் மொட்டு ஒன்றின் நுனியையும் நூலால் கட்டிவிட வேண்டும். இருட்டும் நேரத்தில் ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிழித்து, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவி, பெண் பூவை மறுபடி கட்ட வேண்டும். அந்தப் பிஞ்சின் காம்பில் ஒரு சிவப்புக் கயிறு. விதைக்கு அந்தக் காய் மட்டும். இதை எந்த மேடையிலும் சொல்லிக்கொடுப்பதில்லை. விதை தன்னைத் தானே காத்துக்கொள்ளும் என்று சொல்லியாகிவிட்டதே, பிறகு எதற்குச் சொல்லிக்கொடுப்பது?

மக்காச்சோளத்தில் கெடுதல் வேறு விதம். சிவப்பும் கறுப்பும் மின்னும் வண்ணக் கதிர்களுக்குத் திருவிழாக்களில் நல்ல கிராக்கி. ஒரு கதிரை வாங்கிப் போய் மாடியில் பத்துச் செடி வைக்கிறார்கள். அந்தப் பத்தும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அவற்றில் ஒரு நல்ல கதிரை எடுத்து மறுபடி பத்து. மூன்று நான்கு போகத்தில் செடி குட்டையாகி, கதிர் சிறுத்துப் போகும். ஷல் வேண்டுமென்றே செய்ததை இவர்கள் அறியாமல் செய்கிறார்கள். மண் கெட்டுவிட்டது, பூமி சூடாகிவிட்டது என்று பழி வேறெங்கோ போகும். மக்காச்சோளம், கம்பு போன்ற அயல்மகரந்தப் பயிருக்கு விதை எடுக்க நூறு செடியாவது வேண்டும். மாடியில் இடமில்லை என்றால் தெருவில் பத்து வீடு சேர்ந்து செய்ய வேண்டும். கத்தரியும் தக்காளியும் தன்மகரந்தப் பக்கம் சாய்ந்தவை. அவற்றுக்கு இத்தனை தேவையில்லை. பயிருக்குப் பயிர் கணக்கு மாறும். எல்லாவற்றையும் நாட்டு விதை என்ற ஒரே குடையின் கீழ் நிறுத்தியதில் அந்தக் கணக்குதான் மறந்துபோனது.

கல்வராயன் மலைக்கு வருவோம். வெளியுலகுக்கு இந்த மலை என்றால் கள்ளச்சாராயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பிறகு மலையின் பெயரும் சேர்ந்து அடிபட்டது. ஆனால் அந்த மலையில் வெள்ளிமலையைச் சுற்றியுள்ள மலையாளிப் பழங்குடிகளின் உண்மையான செல்வம் சாமையும் தினையும் கேழ்வரகும். சாமைப் பூ கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவு சிறியது. காலையில் சில நிமிடம் திறந்து மூடிவிடும். பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சேரும். அப்படியென்றால் ஊர்ச் சாமை தூய்மையானதா? அதுவும் இல்லை. ஊர்ச் சாமை என்பது பல தனி வரிசைகள் கலந்து நிற்கும் கூட்டம். மழை பொய்த்த வருடம் சில வரிசைகள் கைகொடுக்கும், அடைமழை வருடம் வேறு சில. அந்தக் கலவைதான் அதன் பலம். கலப்பில்லாத தூய விதை என்று மேடையில் புகழப்படுவது, மலையில் இல்லாதது. இருந்தால் ஒரு வறட்சியைத் தாங்காது.

மலைக்காடுகளில் தேர்வு நடக்கும் விதத்தில் இந்த அறிவு இருக்கிறது. அறுப்புக்கு முன் காட்டுக்குள் நடந்து, மணி நிறைந்த, சாயாத, நோயில்லாத கதிர்களைப் பல இடங்களிலிருந்து கிள்ளுவார்கள். ஓரத்துச் செடியை விடுவார்கள், எருக்குழிப் பக்கத்துச் செடியை விடுவார்கள். அங்கே செழிப்பது மண்ணின் வேலை, விதையின் வேலை இல்லை. அழகான ஒரே கதிரை மட்டும் எடுக்க மாட்டார்கள். களத்தில் குவித்ததிலிருந்து அள்ளி வைத்தால் அது சோற்றுக்கு, விதைக்கு இல்லை. தனியே காயவைத்து, சாம்பல் கலந்து, சுரைக்குடுவையில் அடைப்பது பிறகு. மரபியல் பட்டம் பெற்ற ஒருவர் செய்வதும் அடிப்படையில் இதுதான்.

அப்படியானால் மலையில் சாமை ஏன் சுருங்கியது? கலப்பின விதை வந்து விரட்டியது என்பார்கள். சாமையில் விவசாயி வாங்கும் கலப்பின விதையே கிடையாது. சாமையின் உமியை நீக்குவது பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை. ரேசன் அரிசி கைக்கு வந்தது. மரவள்ளிக்கு ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள் காசு கொடுத்தன. கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் விதை வங்கிகளோடு உமி நீக்கும் இயந்திரங்களையும் கொண்டுபோனது இந்தக் காரணம் புரிந்ததால். காடு சுருங்கினால் தேர்வும் சுருங்கும். அரைக் குழி நிலத்தில் பலவித வரிசைகளை வைத்திருக்க முடியாது. இயந்திரம் இல்லாத ஊருக்கு விதைப் பொட்டலம் மட்டும் கொண்டுபோவது, போட்டோ எடுத்துக்கொள்ள உதவும்.

தேர்வு சுருங்கினால் மரவள்ளியிலும் இதே கதை. குச்சி நட்டு வளர்ப்பதால் ரகம் மாறாது. ஆனால் தேமல் நோயும் மாறாமல் குச்சியோடு கூடவே வரும். இலை நன்றாக இருக்கும் பருவத்திலேயே காட்டைச் சுற்றி, தேமல் இல்லாத செடிக்குக் குறி கட்டி, அறுவடையில் அந்தக் குச்சியை மட்டும் எடுக்காவிட்டால், பழைய ரகமானாலும் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ரகமானாலும் தேய்ந்துதான் போகும்.

இதைப் படித்துவிட்டு, கடைசியில் கம்பெனிக்காரன் பக்கம் பேசுகிறாய் என்று ஒருவர் சொல்லக்கூடும். உண்மையில் கம்பெனிக்கு வசதி செய்து கொடுப்பது அந்த மலட்டு விதைக் கதைதான். முளைக்காது என்று விவசாயியை நம்பவைத்துவிட்டால், எடுத்து வைத்து விதைத்துப் பார்க்கும் முயற்சியே இல்லாமல் போகிறது; அதைவிட நிறுவனத்துக்கு என்ன வேண்டும்? முன்பு சொன்ன 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, விற்கவும்கூட விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகம் என்று பெயர் ஒட்டிப் பொட்டலமாக விற்கக் கூடாது, அவ்வளவுதான். 2019-ல் குஜராத் உருளைக்கிழங்கு விவசாயிகள் மீது பெப்சிகோ கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டபோது, விவசாயிகள் கையிலெடுத்தது இந்த உரிமையை. எதிர்ப்பு கிளம்பியதும் நிறுவனம் வழக்கை வாபஸ் வாங்கியது. உரிமை இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் திறன்தான் கைவிட்டுப் போகிறது.

அந்தத் திறனுக்குப் பட்டம் தேவையில்லை. மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் மாவட்டத்தில் கொஞ்சம் நிலம் வைத்திருந்த தாதாஜி கோப்ரகடே 1983-ல் தன் வயலில் வித்தியாசமாக நின்ற சில கதிர்களைக் கண்டு தனியே எடுத்தார். வருடா வருடம் தேர்ந்து பெருக்கினார். அன்று புகழ் பெற்றிருந்த கைக்கடிகாரத்தின் பெயரால் எச்.எம்.டி. என்றழைக்கப்பட்ட அந்த நெல் பல மாநிலங்களுக்குப் பரவியது. போடி ஏலச் சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த ஞள்ளானி ஏலக்காய், இடுக்கி விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்தது. இவர்கள் பழையதைப் பழையபடியே வைத்திருந்தால் நமக்கு இவர்கள் பெயர் தெரிந்திருக்காது.

கடையில் வாங்கிய கலப்பினத் தக்காளியின் விதையிலிருந்தும் தொடங்கலாம். பிள்ளைகள் பலவிதமாக வரும். அதில் நமக்குப் பிடித்தது, நம் வெயிலைத் தாங்கியது எதுவோ அதன் விதை மட்டும் அடுத்த முறைக்கு. ஒவ்வொரு தன்மகரந்தத் தலைமுறையிலும் கலப்புத்தன்மை பாதியாகக் குறையும். ஆறாவது தடவை அறுபத்துநான்கில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதற்குப் பிறகு அது வீட்டுக்காரரின் ரகம். எந்த நிறுவனத்தின் தயவும் வேண்டாம்.

ஆகவே விதைத் திருவிழா நடத்துகிறவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பொட்டலத்தின் மேல் இந்த விவரங்களை எழுதுங்கள்: எந்த ஊரில், எந்த ஆண்டு விளைந்தது, எத்தனை செடியிலிருந்து எடுத்தது, கலக்காமல் எப்படிக் காத்தீர்கள், எந்தக் குணத்தை வைத்துத் தேர்ந்தீர்கள், எதைத் தள்ளினீர்கள். இவற்றுக்குப் பதில் வைத்திருக்கும் விவசாயியை மேடையில் ஏற்றிப் பேசவிடுங்கள். பதில் இல்லாத பொட்டலத்தை நாட்டு விதை என்ற பெயருக்காக வாங்குவதும், விளம்பரத்தை நம்பிக் கம்பெனி விதை வாங்குவதும் ஒரே ஏமாளித்தனம்தான்.